ஸ்பானிஷில் ‘செய்யாதே’ என்று சொல்வது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ‘அப்லா’ என்றால் பேசு. அதற்கு முன்னால் ‘நோ’ போட்டு ‘நோ அப்லா’ என்றால் பேசாதே ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தமிழை நினைத்துப் பாருங்கள். ‘பேசு’ என்பது ‘பேசாதே’ என்று வினையே உருமாறுகிறது அல்லவா? ஸ்பானிஷிலும் வினை மாறும், கூடவே ‘நோ’வும் வரும். சரியானது ‘நோ அப்லெஸ்’.

‘பேசுகிறேன்’ என்பதற்கான ‘அப்லோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி ‘ஓ’வை நீக்குங்கள். மூலவினை, அதாவது அகராதியில் இருக்கும் வடிவம், ‘ஆர்’ என்று முடிந்தால் (அப்லார்) ‘எஸ்’ சேருங்கள். ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிந்தால் ‘ஆஸ்’ சேருங்கள். கொமேர், அதாவது சாப்பிடுவது, ‘நோ கோமாஸ்’ ஆகும். எழுதுவதைக் குறிக்கும் எஸ்க்ரிபீர் ‘நோ எஸ்க்ரீபாஸ்’ ஆகும். உயிரொலி தலைகீழாகிறது, அவ்வளவுதான். இது பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு!

கேள்வி: மரியாதையாகச் சொல்ல?

பதில்: கடைசி ‘ஸ்’ போய்விடும்: நோ அப்லே, நோ கோமா. பலரிடம் என்றால் ‘ன்’ வரும்: நோ அப்லென், நோ கோமான். ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்திடம் மட்டும் ‘நோ அப்லெய்ஸ்’, ‘நோ கொமாய்ஸ்’ என்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் இந்த வடிவம் புழக்கத்தில் இல்லை.

கேள்வி: ‘அதைச் சாப்பிடாதே’ என்று சொல்ல ‘நோ கோமாஸ்லொ’ என்று எழுதினேன். தவறு என்றார்கள். ஏன்?

பதில்: ‘அதைச் சாப்பிடு’ என்றால் ‘கோமெலொ’, ‘லொ’ வினையின் வாலில் ஒட்டும். மறுக்கும்போது அது வினைக்கு முன்னால் தனியாக நிற்கும்: நோ லொ கோமாஸ். இதை வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பழகுங்கள், காதுக்குப் பழகிவிட்டால் தவறு தானாகவே உறுத்தும்.

கேள்வி: ‘தொக்கார்’ (தொடுவது) ஒழுங்கான வினைதானே? ‘நோ தோக்கெஸ்’ என்று எழுதும்போது எழுத்து ஏன் மாறுகிறது?

பதில்: ஒழுங்கான வினைதான். ‘சி’ எழுத்துக்குப் பின் ‘எ’ வந்தால் ‘க’ ஒலி போய்விடும். அதைக் காக்கவே ‘சி’க்குப் பதிலாக ‘கியூ’, ‘யு’ இரண்டையும் எழுதுகிறார்கள். ஒலி மாறவில்லை.

கேள்வி: பலகைகளில் ‘நோ ஃபுமார்’ என்று இருக்கிறதே?

பதில்: ‘புகைபிடிக்கக் கூடாது’ என்ற பொது அறிவிப்பு அது. யாரென்று இல்லாமல் எல்லோருக்கும் சொல்வதால் மூலவினையே போதும். நண்பரிடம் நேரில் சொல்வதென்றால் ‘நோ ஃபூமெஸ்’.