சூடு மேலிருந்து இறங்குது அம்மிணி!

கேள்வி: ஈரோட்டில் மூன்று மாடி அபார்ட்மென்ட்டில் மேல் வீட்டில் இருக்கிறோம். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையறைக்குள் நுழைந்தால் அடுப்படிக்குள் நுழைந்த மாதிரி வெக்கை. ஏ.சி.யை 18-ல் வைத்தாலும் விடிய விடிய கம்ப்ரசர் நிற்பதே இல்லை. போன ரீடிங் 640 யூனிட். ஹாலுக்கும் ஒரு ஏ.சி. வாங்கிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மாமியாருக்கு 74 வயது, ரொம்பச் சிரமப்படுகிறார். என்ன செய்வது?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இன்னொரு ஏ.சி. இப்ப வேண்டாங்க அம்மிணி. இன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு, ஃபேனை நிறுத்திட்டு, வீட்டுக்காரரை ஸ்டூல் மேல ஏறி மேல்தளத்துல உள்ளங்கையை வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. அடுப்பை அணைச்சுக் கொஞ்ச நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருக்கும். பகலெல்லாம் குடிச்ச வெய்யிலைக் கான்கிரீட் நடுராத்திரி வரைக்கும் உங்க தலைமேல இறக்கிட்டிருக்கு. அந்தச் சூட்டோடதான் உங்க ஏ.சி. மல்லுக்கட்டுது.

முப்பது வருஷம் வயரிங் வேலை பார்த்தவன் நான். நானும் மேல்மாடியிலதான் குடியிருக்கறேன். முதல் கத்திரியில எங்க வீட்டம்மாவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. அடுத்த மாசியில அபார்ட்மென்ட் சங்கத்துல கேட்டு, மொட்டைமாடி வெடிப்பையெல்லாம் அடைச்சு, நல்லாக் கூட்டிக் கழுவி, வெள்ளைச் சுண்ணாம்பு ரெண்டு கை அடிச்சோம். அந்தச் சித்திரையில அதே இடத்துல கையை வெச்சேன். சூடு பாதிகூட இல்லைன்னு தோணுச்சு. மழை பேஞ்சா சுண்ணாம்பு கரையும், வருஷா வருஷம் அடிக்கணும். காசு இருந்தா வெள்ளை கூலிங் பெயின்ட் அடிங்க, இல்லைன்னா வெள்ளை ஓடு பதிங்க. சாயங்காலம் மாடியில தண்ணி ஊத்தறதை மட்டும் செய்யாதீங்க. லாரித் தண்ணி வாங்கற ஊர்ல அது பாவம்.

மேற்கு ஜன்னலுக்கு உள்ள திரை போட்டுப் பெருசாப் பலனில்லை. வெய்யில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்துருச்சுன்னா சூடும் வந்த மாதிரிதான். வெளியில, பால்கனியில மூங்கில் தட்டியோ தென்னங்கீத்துத் தடுக்கோ தொங்கவிடுங்க.

18-ல வெச்சா சீக்கிரம் குளிரும்ங்கறது தப்புங்க. எந்த இடத்துல கம்ப்ரசர் நிக்கணும்னு சொல்றதுதான் அந்த நம்பர். உங்க ரூம் 18-க்கு வரவே வராது, அதனால அது நிக்காது. 26-ல வெச்சு ஃபேனை மெதுவா ஓட விடுங்க. ஒரு டிகிரி ஏத்தினா சுமார் ஆறு சதவீதம் கரண்டு மிச்சம். ஸ்டார் போட்டு வர்ற ஏ.சி. ஆன் பண்ணினதும் 24-ல ஆரம்பிக்கணும்னு 2020-லயே விதி வந்தது இதுக்காகத்தான்.

ரெண்டு மாச ரீடிங் 500-ஐத் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் காசு ஏறுறதில்லை, முதல்ல வர்ற யூனிட்டுகளுக்குக் கிடைச்ச சலுகையில ஒரு பங்கும் போயிருது. உங்களுக்கு 140 யூனிட் குறையணும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி.ன்னு கரண்டு கம்மியா இழுக்கற புது மாதிரி ஃபேன் சுமார் 30 வாட்டுல ஓடும். தினம் 16 மணி நேரம் ஓடினா ஒரு ஃபேனுக்கே ரெண்டு மாசத்துல 43 யூனிட் மிச்சம். மூணை மாத்துங்க, மீதியை 26-ல ஓடற ஏ.சி. பார்த்துக்கும்.

மாமியாரை ராத்திரி ஏ.சி. ரூம்லயே படுக்க வையுங்க. கரண்டு காசை அவங்ககிட்டப் பேசவே பேசாதீங்க. பேசினா நீங்க அந்தப் பக்கம் போனதும் அணைச்சிருவாங்க. எங்கம்மா அப்படித்தான் செஞ்சாங்க. வயசானவங்களுக்குத் தாகம் சரியாத் தெரியாது, நீங்களே மணிக்கொரு தடவை மோரோ தண்ணியோ கையில குடுங்க. உடம்பு அனலாக் கொதிச்சு, பேச்சுக் குழறினா, ஈரத்துணியால உடம்பைத் துடைச்சுக்கிட்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.

கேள்வி: ஏர் கூலர் வாங்கினேன், ரூமே பிசுபிசு என்கிறது. ஏமாந்துவிட்டேனா?
— ஒரு வாசகர், கரூர்

பதில்: இல்லைங்க. ஜன்னலைச் சாத்திட்டு ஓட்டறீங்க போல. கூலர் ஈரக்காத்தைத்தான் தள்ளும், அது வெளியேற வழி வேணும். கூலரை ஒரு ஜன்னலோரம் வெச்சு, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து விடுங்க. கரூரோட வறண்ட வெய்யிலுக்குக் கூலர் நல்லாவே ஒத்துவரும்.