விலை உயர்ந்த டிஏசி வாங்கினால் ரெக்கார்டின் சுகம் வருமா?

கேள்வி: பல வருடங்களாக ரெக்கார்டில்தான் பாட்டு கேட்கிறேன். தட்டுகளை வைக்க இடம் போதவில்லை என்று ஒரு ஸ்ட்ரீமரும் (இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் பெட்டி) சாதாரண டிஏசியும் (டிஜிட்டல் கோப்பை ஆம்ப்புக்கு ஏற்ற ஒலி மின்னலையாக மாற்றும் கருவி) வாங்கினேன். அதே ஆம்ப், அதே ஸ்பீக்கர். ஆனால் அரை மணி நேரத்தில் காது களைத்துவிடுகிறது. பல மடங்கு விலையுள்ள டிஏசியும் உயர்தர யுஎஸ்பி கேபிளும் போட்டால்தான் சரியாகும் என்கிறார் டீலர். வாங்கலாமா? ரெக்கார்டுகளை விற்றுவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். கீழே சொல்லும் சோதனையைச் செய்து முடிக்கும்வரை டீலர் கூப்பிட்டால் போனைக்கூட எடுக்காதீர்கள்.

உங்களுக்கு மிகவும் பிடித்த ரெக்கார்ட் ஒன்றை எடுங்கள். ஆம்ப்பின் பின்புறம் 'டேப் அவுட்' அல்லது 'ரெக் அவுட்' என்ற இணைப்புத் துளை இருக்கிறதா பாருங்கள். அங்கிருந்து ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்கு இணைத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஒரு பக்கம் முழுவதையும் பதிவு செய்யுங்கள். 24 பிட், 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸ், எதுவானாலும் சரி. அளவுகாட்டியின் முள் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பிறகு அந்தக் கோப்பை இப்போது இருக்கும் அதே டிஏசியில் போட்டு, ரெக்கார்டோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்க வேண்டும், இது முக்கியம். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதைக் காது 'தரமானது' என்று எடுத்துக்கொள்ளும்; கடை டெமோக்களில் பாதி மாயம் இதில்தான் நடக்கிறது. எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறு யாராவது மாற்றிப் போட்டால் இன்னும் நல்லது.

பெரும்பாலும் உங்களால் வித்தியாசம் சொல்ல முடியாது. லேசான பொரிதல், தளர்ந்த பாஸ், அந்தக் கதகதப்பு எல்லாம் கோப்பிலும் அப்படியே இருக்கும். அப்படியென்றால் உங்கள் டிஏசியில் குறை இல்லை.

நம்ப முடியவில்லையா? மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனத்தின் தட்டுகளை, அசல் மாஸ்டர் டேப்பிலிருந்து நேராக வெட்டியவை என்று நம்பி ரசிகர்கள் கொண்டாடினார்கள். அவற்றில் பல, நடுவே டிஜிட்டல் கோப்பாக மாறித்தான் தட்டுக்குப் போயின என்று 2022-ல் வெளியே வந்தது. அதுவரை பெரிய பெரிய காதுகளுக்கும் தெரியவில்லை.

அப்புறம் ஏன் ஸ்ட்ரீமிங்கில் காது வலிக்கிறது? மாஸ்டரிங். அதாவது, பாட்டை வெளியிடும் முன் அதன் சத்தத்தையும் தொனியையும் கடைசியாக அமைக்கும் வேலை; அதில் கிடைக்கும் பதிப்புதான் 'மாஸ்டர்'. 1982-ல் வந்த சிடியின் 16 பிட்டுக்கே, மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடம் உண்டு. ரெக்கார்டுக்கு 70 கிடைத்தாலே அதிர்ஷ்டம். அவ்வளவு இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 1990-களிலிருந்து கம்பெனிகள் எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றி நசுக்கித் தருகின்றன. மூச்சு விடாமல் கத்திப் பேசுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஸ்ட்ரீமிங் சேவைகள் பாடல்களின் சத்தத்தைச் சமப்படுத்துகின்றன, உண்மைதான். ஆனால் நசுங்கியது நசுங்கியதுதான்.

எனக்குக் கோபம் வரும் இடம் இது. பாடல் வரி, படம், எத்தனை பேர் கேட்டார்கள் என்பதுவரை காட்டும் இந்தச் சேவைகள், இது எந்த ஆண்டு மாஸ்டர், யார் செய்தது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. 'ரீமாஸ்டர்' என்று ஒரு சொல், முடிந்தது. நேற்று இருந்த பழைய பதிப்பு இன்று சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். இப்படிப்பட்ட சேவைக்கு மாதாமாதம் சந்தா கட்டிவிட்டு டிஏசியைத் திட்டி என்ன பயன்?

ஆக, உங்களுக்கு வேண்டியது பழைய மாஸ்டர். 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த சிடிக்களைப் பழைய கடைகளில் தேடி வாங்கி, கணினியில் ஃபிளாக் (ஒலித் தரம் குறையாமல் சுருக்கிய) கோப்பாக எடுத்து வையுங்கள். அவை சத்தம் குறைவாக இருக்கும், வால்யூமைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆரம்பகால சிடிக்கள் சிலவற்றில் 'ப்ரீ-எம்ஃபசிஸ்' என்ற ஏற்பாடு உண்டு. சிடியில் உச்ச ஒலிகளை வேண்டுமென்றே தூக்கிப் பதிந்திருப்பார்கள், மேல்முனையில் ஏறத்தாழ 10 டெசிபல் வரை. சிடி பிளேயர் அதற்கான குறியைப் படித்துத் தானாகவே இறக்கிவிடும். கணினியில் கோப்பாக எடுக்கும்போது பல மென்பொருள்கள் அந்தக் குறியைத் தொலைத்துவிடுகின்றன. பாட்டு ஒல்லியாக, கீச்சென்று கேட்கும். கேட்பவர் 'டிஜிட்டலே இப்படித்தான்' என்று முடிவு கட்டிவிடுவார். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே அந்தக் குறி தெரியும். சில சிடிக்களில் குறி உள்ளடக்கப் பட்டியலில் இல்லாமல் வேறு இடத்தில் ஒளிந்திருக்கும், அங்கே காதுதான் துணை. பிளேயரில் நன்றாக இருந்து கோப்பில் மட்டும் கீச்சிட்டால் இதைச் சந்தேகியுங்கள். சாக்ஸ் என்ற இலவசக் கருவியின் 'டீஎம்ஃப்' (deemph) கட்டளை சரிசெய்துவிடும்.

'ஹை-ரெஸ்' (சிடியைவிட நுணுக்கமான பதிவு) என்ற முத்திரையை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். நசுங்கிய மாஸ்டரை 192 கிலோஹெர்ட்ஸில் தந்தாலும் நசுங்கியதுதான். சாதாரண சிடி கோப்பையே ஊதிப் பெரிதாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். யுஎஸ்பி கேபிள் அறுந்து போகாதவரை எதுவும் போதும். கேபிளில் 'கதகதப்பு', 'ஆழம்' என்று பேசுகிறவரிடம், எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்கும் அந்தச் சோதனையைத் தன் கடையிலேயே நடத்த முடியுமா என்று கேளுங்கள். பேச்சு மாறும்.

ரெக்கார்டுகளை இப்போது விற்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நல்ல பழைய சிடி கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காதவற்றை மேலே சொன்னபடி நீங்களே பதிவு செய்யுங்கள். தட்டைக் கழுவி, ஊசி தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டு. டிஏசிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி அந்தப் புது ஊசிக்குப் போகட்டும்.