மினி வாங்கலாமா? முதலில் மாமியாரைப் பின்சீட்டில் ஏற்றிப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டில் கணவர், இரண்டு சின்னப் பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். வார இறுதியில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறார், அண்டா குண்டா எல்லாம் ஏற்றிப் போக வேண்டும். கணவர் நம் மலேசியப் பெரோடுவாவின் பெஸ்ஸா செடான் எடுக்கலாம் என்கிறார். இவருக்கோ சின்ன வயதிலிருந்தே உருண்டைக் கண் மினி கார் மேல் ஆசை. ஈப்போவில் ஒரு ரன்னர், அதாவது கார் தரகர், பத்து வயது தாண்டிய இரண்டு கதவு மினி ஒன்றைக் காட்டியிருக்கிறாராம். "முன்பணம் கொஞ்சம் கொடுத்தால் போதும், மீதித் தவணையை மாதாமாதம் கட்டிக்கொள்ளுங்கள், பேர் மாற்ற வேண்டியதில்லை என்கிறார். சின்னக் கார் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுதானே, பிடித்த வடிவத்தை எடுத்தால் என்ன தப்பு?" என்று கேட்கிறார்.

வடிவத்தை முதலில் பார்த்துவிடுவோம். அந்த ரன்னரிடம் அப்புறம் வருகிறேன்.

நீளத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. பெரோடுவாவே இப்போது விற்கும் சின்னக் கார் எக்சியா 3.76 மீட்டர், நீங்கள் பார்த்த தலைமுறை மினி சுமார் 3.7 மீட்டர். ஆனால் எக்சியாவின் உயரம் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர், மினி 1.4 மீட்டர்தான். அந்தக் கொஞ்ச உயரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கூரை உயர்ந்தால் இருக்கையையும் உயர்த்தி வைக்கலாம், ஆள் நிமிர்ந்து உட்காரலாம், கால் நீட்டக் குறைந்த இடம் போதும். கூரை தாழ்ந்தால் ஆளைச் சாய்த்துப் படுக்க வைத்தாற்போல் உட்கார வைக்க வேண்டும், அதற்கு நீளம் வேண்டும். அந்த நீளத்தைப் பின்சீட்டிலிருந்தும், பின்னால் சாமான் வைக்கும் பூட் பகுதியிலிருந்தும்தான் எடுப்பார்கள். மினியின் பூட் 160 லிட்டர். எக்சியாவில் 265, பெரோடுவாவின் இன்னொரு காரான மைவியில் 277.

இதில் ஒரு வேடிக்கை. 1959-இல் இங்கிலாந்தில் வந்த முதல் மினி அழகுக்காகச் செய்ததே இல்லை. சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, பத்தடி நீளத்தில் நாலு பேரை உட்கார வைக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, பத்து அங்குலச் சக்கரம் போட்டு, மிச்சப்பட்ட இடம் முழுவதையும் ஆட்களுக்குக் கொடுத்தார். 2001-இல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த மினி அந்த முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. கார் பெரிதானது, உள்ளே இடம் அந்த அளவுக்கு வளரவில்லை.

உங்கள் வீட்டுக்கு வருவோம். இரண்டு கதவு என்றால் மாமியார் ஒவ்வொரு முறையும் முன்சீட்டை மடக்கி, குனிந்து, இடுப்பை வளைத்துப் பின்னால் நுழைய வேண்டும். அவரை முன்னால் உட்கார வைத்தாலும் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவது முழங்காலுக்குத்தான் வேலை. 2020 ஜனவரி முதல் பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். அந்த இருக்கையில் தூங்கும் பிள்ளையை இரண்டு கதவு கார் வழியாக மழையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள், தெரியும். அப்புறம், அந்த மினிகளில் பெரும்பாலும் மாற்றுச் சக்கரமே இருக்காது. ரன்ஃபிளாட் டயர் கொடுத்துவிட்டு, காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓட்டலாம் என்பார்கள். செம்பனைக்கு நடுவே செம்மண் ரோட்டில் ஓட்டுகிறவருக்கு இது ஒத்துவராது.

கணவர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. பெஸ்ஸாவின் பூட் 508 லிட்டர் என்று காகிதத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் செடான் பூட்டின் வாய் தாழ்ந்தது. பிரியாணி அண்டா உள்ளே கொள்ளும், வாயில் நுழையாது. உங்களுக்குப் பின்கதவு முழுதாகத் தூக்கும் கார்தான் பொருத்தம், எக்சியாவோ மைவியோ. வாங்கப் போகும் அன்று பெரிய அண்டாவையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வடிவமும் வேண்டும், வசதியும் வேண்டும் என்றால் நம் நாட்டில் ஒரு கார் இருந்தது, பெரோடுவா கெனாரி. 2000-இல் வந்தது. ரொட்டிப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தாற்போல் இருக்கிறது என்று எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெட்டி வடிவம்தான் அதன் பலம். வயதானவர்கள் குனியாமல் ஏறினார்கள், சாமான் நின்றபடியே உள்ளே போனது, எஞ்சின் ஆயிரம் சிசிக்குள் என்பதால் ரோட் டெக்ஸ் 20 வெள்ளிதான். தூரத்தில் வந்தாலே இது கெனாரி என்று தெரியும். அழகு வசதியிலிருந்தே பிறக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நெடுஞ்சாலையில் பெரிய லோரி பக்கத்தில் போனால் கொஞ்சம் ஆடும், அது உண்மை. ஆனால் உற்பத்தி நின்று வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது வாங்கினால் பழைய கார்தான், வங்கிக் கடன் கிடைப்பது கடினம். கையில் ரொக்கம் இருந்து, தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் மட்டும் ஓட்டுவதாக இருந்து, அடித்தட்டில் துரு இல்லாத ஒன்று கிடைத்தால் எடுங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

இனி அந்த ரன்னர். "பேர் மாற்ற வேண்டியதில்லை" என்று ஒருவர் சொன்னால் அது சம்போங் பாயார். இன்னொருவர் வாங்கிய கடனை நீங்கள் கட்டுவீர்கள். கடன் முடியும் வரை கார் வங்கியுடையது. 1967 வாடகைக் கொள்முதல் சட்டப்படி வங்கியின் சம்மதம் இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. நீங்கள் கொடுத்த பணத்தை ரன்னர் வங்கியில் கட்டினாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் வங்கி நோட்டீஸ் அனுப்பலாம். அந்த நோட்டீஸ் போவது பழைய ஆளின் வீட்டுக்கு. உங்கள் வீட்டுக்கு வருவது காரை இழுக்கும் ஆள்தான். இன்சூரன்சும் உங்கள் பேரில் இருக்காது. இதையெல்லாம் வருடக்கணக்காகச் சொல்லியாகிறது, விளக்குக் கம்பத்தில் விளம்பரம் மட்டும் குறையவே இல்லை. தோட்டத்துக்குப் பஸ் ஒழுங்காக வராது, கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, சம்பளச் சீட்டு சரியில்லை என்று வங்கி கடன் தராது. அப்புறம் ஜனங்கள் ரன்னரிடம் போகாமல் வேறு எங்கே போவார்கள்? அதற்கு வழி செய்யாமல் எச்சரிக்கைச் சுவரொட்டி மட்டும் ஒட்டுகிறார்கள்.

ஒருவேளை பேர் மாற்றிக் கொடுத்தாலும் பழைய மினி செலவு வைக்கும். காருக்கு ஐந்து வயதானால், விபத்தில் புதுப் பொருள் மாற்றும்போது இன்சூரன்ஸ் அதன் விலையில் 15 சதவீதத்தை உங்களையே கட்டச் சொல்லும். பத்து வயதுக்கு மேல் அது 40 சதவீதம். எக்சியாவின் முன்விளக்கை எந்தக் கடையிலும் வாங்கலாம். அந்த உருண்டைக் கண்ணின் விலையைக் கேட்டுவிட்டு ஆசைப்படுங்கள்.

எக்சியா எடுத்தபின் அதே ரன்னர் மறுபடி வந்து, கூரைக்கு வெள்ளை, பாடிகிட், கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டு மினி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்பார். நிறம் மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டும். முன்கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சம், முன்கதவுக் கண்ணாடியில் 50 சதவீதம் உள்ளே வர வேண்டும். தேவையில்லை, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவர் சொன்னால், அதை ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.