விசைப்பலகையை மாற்றுவது யார் வேலை?

கேள்வி: கோயில் அறிவிப்புகளை ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றிலும் வேர்டில் தயாரிக்கிறோம். பிரெஞ்சுப் பத்தியில் கர்சரை வைத்தாலே கீபோர்டு தானாக மாறிவிடுகிறது. மெயிலைத் திறந்தால் அங்கே வேறொன்று இருக்கிறது. இதை வேர்டு கவனிக்க வேண்டுமா, விண்டோஸ் கவனிக்க வேண்டுமா? – வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: விண்டோஸ்தான். ஒரே உறையில் இரண்டு கத்தி வைத்ததால் வந்த வினை இது. வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய், ‘ஆட்டோமேட்டிக்கலி ஸ்விட்ச் கீபோர்டு’ என்று தொடங்கும் வரியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, பக்கத்திலுள்ள எழுத்தின் மொழியைப் பார்த்து வேர்டு உங்களைக் கேட்காமலே மாற்றும்.

அடுத்து விண்டோஸ் 11 செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ். ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் தனி உள்ளீட்டு முறை வைத்துக்கொள்ளும் வரி அங்கே உண்டு. மெயிலில் எப்போதும் பிரெஞ்சு, வேர்டில் எப்போதும் தமிழ் என்று வேலை பிரிந்திருந்தால் டிக் போடலாம். உங்களைப் போல் ஒரே தாளில் மூன்று மொழி என்றால் வேண்டாம். கீபோர்டை மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் போதும். லினக்ஸின் கேடிஇ என்ற டெஸ்க்டாப் சூழலில் இதற்கு நான்கு நிலைகளே உண்டு: எல்லாவற்றுக்கும் ஒன்று, டெஸ்க்டாப்வாரி, செயலிவாரி, சாளரவாரி.

மூன்று மொழிக்கு மூன்று கீபோர்டு தேவையில்லை. விண்டோஸில் உள்ள ‘யுனைடெட் கிங்டம் எக்ஸ்டெண்டட்’ என்ற கீபோர்டு அமைப்பு ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் போதும்: வலப்பக்க ஆல்ட் விசையுடன் ஈ விசையைத் தட்டினால் மேற்கோடிட்ட ஈ (é) விழும். யுஎஸ் இன்டர்நேஷனல் என்ற இன்னோர் அமைப்பில் இதே வேலை மேற்கோள் குறியிடம் இருக்கிறது. அங்கே ‘செ’ என்று வாசிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சி, மேற்கோள், ஈ, எஸ், டி ஐந்தையும் வரிசையாகத் தட்டினால் மேற்கோள் காணாமல் போய் ஈயின் தலையில் கோடாக ஏறிவிடும். குறிக்குப் பின் ஒரு ஸ்பேஸ் தட்ட வேண்டும். அவசரத்தில் யார் தட்டுகிறார்கள்?

அப்படியானால் செயலிக்கு வேலையே இல்லையா? உண்டு. தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பில் ‘அம்மா’ என்பது ஏ, கே, கே, க்யூ என்ற ஆங்கில விசைகள். இரண்டாவது கே விழும்போதுதான் முதல் ‘ம’வுக்குப் புள்ளி ஏறுகிறது. முன்னால் என்ன எழுத்து நிற்கிறது என்று தெரிந்தால்தான் அது நடக்கும். சில செயலிகள் அந்தத் தகவலைத் தருவதில்லை. பழைய சொல்லின் நடுவே கர்சரை வைத்துத் திருத்தும்போது புள்ளி விழாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். செயலி தகவல் தர வேண்டும். அதிகாரம் செய்ய வேண்டாம். எழுத்துருவிடமே மொழியை ஒப்படைத்த, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் காலத்துக் கோப்புகளை இன்று பாமினி இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான்.

கேள்வி: ரீயூனியனிலிருந்து வந்த மடிக்கணினியில் அசர்டி என்ற பிரெஞ்சு விசை வரிசை கொண்ட கீபோர்டு. தமிழ்99 சரிவருமா? – வாசகர், கத்ர் போர்ன்

பதில்: வரும். தமிழ்99 விசையின் இடத்தைப் பார்க்கிறது, மேலே அச்சிட்ட எழுத்தை அல்ல. அசர்டியில் ‘அம்மா’ க்யூ, கே, கே, ஏ ஆகிவிடும். ‘ந’ எம் விசையில், ‘ர’ காற்புள்ளி விசையில், ‘ழ’ ஆச்சரியக்குறி விசையில். வழக்கமான ஆங்கில விசை வரிசையான க்வெர்டிக்கென விற்கும் தமிழ் ஸ்டிக்கர் வாங்கினால், அதிலுள்ள ஆங்கில எழுத்தைத் தேடி ஒட்டாதீர்கள். வரிசையில் எத்தனையாவது விசை என்று எண்ணி ஒட்டுங்கள்.