கேள்வி–பதில்: கடல் கடந்த ஃபாடோ

போர்ச்சுகலின் ஃபாடோ பாட்டு பற்றியும், அதை வெளிநாடுகளில் பாடிப் பிழைப்பவர்கள் பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு எங்கள் இசைப் பகுதியின் பதில்கள்.

அமாலியா ரோட்ரிகஸ் புகழ் பெற்றது சொந்த நாட்டிலா, வெளியிலா?
– வாசகி, மதுரை

லிஸ்பனில் பெயர் வாங்கிய பிறகுதான் வெளியே போனார். 1920ல் பிறந்தவர், இளம்வயதில் அல்கந்தரா துறைமுகப் பகுதியில் பழம் விற்றவர். 1939ல் ஒரு ஃபாடோ விடுதியில் பாடத் தொடங்கினார். 1943ல் மாட்ரிட், 1944ல் ரியோ டி ஜெனிரோவின் கோபகபானா கேசினோ என்று பயணங்கள் ஆரம்பித்தன. அவருடைய முதல் இசைத்தட்டுகளே 1945ல் ரியோவில்தான் பதிவாயின. 1955ல் ஒரு பிரெஞ்சுப் படத்தில் பாடினார். மறு ஆண்டே பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் மேடை கிடைத்தது.

வெளிநாட்டுக் கைதட்டல் அவர் பாட்டை நீர்த்துப்போகச் செய்யவில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்தப் புகழ் கொடுத்த துணிச்சலில்தான், பிரெஞ்சுக் குடும்பத்தில் வந்த இசையமைப்பாளர் அலன் உல்மனோடு சேர்ந்து, 1962 முதல் பெரிய கவிஞர்களின் வரிகளைப் பாடினார். பதினாறாம் நூற்றாண்டுக் கவி கமோயிஷை ஃபாடோவாகப் பாடியபோது லிஸ்பனில் சர்ச்சையே கிளம்பியது. இன்று பாடுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள். 1999ல் அவர் இறந்தபோது அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது.

நல்ல குரல் இருந்தால் போதுமா? வெளிநாட்டில் ஒரு ஃபாடோ பாடகிக்கு முதலில் எது தேவை?
– வாசகர், கோயம்புத்தூர்

போர்ச்சுகலுக்கே உரிய கித்தாரா என்ற கம்பி வாத்தியத்தை வாசிப்பவர். குரலைவிட இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குறைந்தபட்சக் குழு மூன்று பேர்: பாடகி, போர்ச்சுகீஸ் கித்தாரா, ‘வியோலா’ எனப்படும் சாதாரண கிட்டார். வசதி இருந்தால் ஒரு பேஸ் கிட்டாரும் சேரும். வியோலா தாளத்தையும் சுருதியையும் பிடித்துக்கொள்ள, கித்தாரா பாடகி மூச்சு விடும் இடங்களில் பதில் சொல்லும். நம் கச்சேரியில் வயலின் செய்கிற வேலை அது. வியோலாவுக்கு உள்ளூரில் ஆள் கிடைத்துவிடும். கித்தாராவுக்குக் கிடைப்பது அபூர்வம். டொரன்டோ, நியூவர்க், ஃபால் ரிவர், பாரிஸ் புறநகர் போலப் போர்ச்சுகீஸ்காரர்கள் குடியேறிய ஊர்களில் விசாரிக்கலாம். இல்லையென்றால் லிஸ்பனிலிருந்து அழைத்துப்போகும் செலவையும் சேர்த்துத்தான் தொகை பேச வேண்டும்.

கிட்டாரிஸ்ட் ஒருவரை கித்தாராவுக்கு மாற்றிவிடலாம் என்று நினைப்பது பெரும்பாலும் சறுக்கும். பன்னிரண்டு கம்பிகள், ஆறு ஜோடி. லிஸ்பன் சுருதி கீழிருந்து மேலாக டி, ஏ, பி, இ, ஏ, பி. கிட்டாரில் பழகிய விரல் அமைப்பு எதுவும் இங்கே உதவாது. வலக்கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் செயற்கை நகம் மாட்டி வாசிக்க வேண்டும். கோயிம்ப்ரா நகரத்துக் கித்தாரா இதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே சுருதி சேர்க்கப்படுவது. லிஸ்பன் பாணிப் பாடகி ஆளை ஏற்பாடு செய்யும்போதே எந்த வகை என்று கேட்டுவிட வேண்டும்.

அந்தக் கித்தாராவை விமானத்தில் கொண்டுபோவதில் என்ன சிக்கல்?
– வாசகர், சேலம்

மூன்று சிக்கல்கள். பழைய வாத்தியங்களின் முதுகும் பக்கமும் பிரேசில் ரோஸ்வுட்டில் செய்யப்பட்டிருக்கலாம். அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் (CITES) மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. வாத்தியத்துக்கான அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம். ஆமை ஓட்டில் செய்த பழைய நகங்களுக்கும் இதே ஆபத்து. அவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு பிளாஸ்டிக் நகம் எடுத்துப் போங்கள்.

அடுத்தது, குதிரை. கம்பிகளைத் தாங்கும் அந்த எலும்புத் துண்டு ஒட்டப்பட்டதல்ல. கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பயணத்துக்கு முன் எல்லாக் கம்பிகளையும் கழற்றினால் அது நகர்ந்துவிடும். பிறகு மேல் கட்டைகளில் எல்லா ஸ்வரமும் பிசகும். கொஞ்சம் தளர்த்தினால் போதும். குதிரையின் இடத்தைப் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

கடைசியாக, ஈரப்பதம். லிஸ்பனின் கடற்காற்றில் பழகிய மரம், குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறைகளில் சுருங்கி வெடிக்கும். பெட்டிக்குள் ஈரப்பதம் காக்கும் பொட்டலம் ஒன்று கட்டாயம்.

மொழி தெரியாதவர்கள் முன்னால் எப்படிப் பாடுகிறார்கள்?
– வாசகி, கொழும்பு

வெளிநாட்டில் இரண்டு வகைக் கூட்டம் உண்டு. குடியேறியவர்களின் சங்கங்களில் ஒவ்வொரு வரியும் தெரியும், ஆனால் சாப்பாட்டுச் சத்தம் ஓயாது. இதற்கு லிஸ்பன் விடுதிகளின் வழக்கம்தான் மருந்து: விளக்கைக் குறைப்பது, பரிமாறுவதை நிறுத்துவது, மூன்று நான்கு பாட்டு பாடிவிட்டு இடைவேளை விடுவது. பாடும்போது பரிமாறக்கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

கச்சேரி அரங்கில் அமைதி தானாக வரும், அர்த்தம் வராது. ஒவ்வொரு பாட்டுக்கும் விளக்கம் சொன்னால் இரவு வகுப்பறையாகிவிடும். நான்கைந்து பாட்டுக்கு மட்டும் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். நடுவில் ஒரு வாத்திய உருப்படி வைத்தால் தொண்டைக்கு ஐந்து நிமிட ஓய்வு. ஒலியமைப்பில் நடக்கும் வழக்கமான தவறு, கித்தாராவின் ஒலியை ஏற்றிவிடுவது. அதன் கூரிய நாதம் மெல்லெழுத்துகளை விழுங்கிவிடும். பாடகிக்கும் வாத்தியக்காரர்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. மூச்சைக் கேட்டால்தானே பதில் வாசிக்க முடியும்!

விசா, வரி எல்லாம்?
– வாசகர், திருச்சி

போர்ச்சுகல் குடிமக்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விசா தேவையில்லை. சமூகப் பாதுகாப்புக்கான ஏ1 சான்றிதழ் கையில் இருந்தால், போகிற நாட்டில் மறுபடி சந்தா கட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவுக்குத் தனித்த கலைமரபுக்கான பி-3 (P-3) விசா பொருந்தும். அங்குள்ள ஏற்பாட்டாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும், வாத்தியக்காரர்களையும் சேர்த்து. அங்கே மொத்தத் தொகையில் 30 சதவீதம் வரி பிடிப்பார்கள். முதல் நிகழ்ச்சிக்கு 45 நாளாவது முன்பே வரித்துறையிடம் ஒப்பந்தம் கேட்டால், செலவு போக மிஞ்சுவதைக் கணக்கிட்டுக் குறைக்க வழியுண்டு.

போர்ச்சுகீஸ்காரர் அல்லாதவர் ஃபாடோ கற்க முடியுமா?
– வாசகி, புதுச்சேரி

முடியும். கோவாவில் ஃபாடோ பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிரெழுத்துகளை விழுங்கிப் பேசும் லிஸ்பன் உச்சரிப்பை முதலில் பிடியுங்கள். பிரேசில் உச்சரிப்பில் பாடினால் தாளமே வேறாக விழும். பிறகு மூன்று பழைய மெட்டுகள்: மெனோர், கொர்ரிதோ, மொராரியா. இவற்றுக்கென்று நிலையான பாடல் வரி கிடையாது. வரிக்கு ஏழு அசை வரும் நான்கடிக் கவிதை எதையும் பொருத்திப் பாடலாம். ஒரே மெட்டில் மூன்று கவிதைகள் பாடிப் பழகினால், எங்கே இழுப்பது, எங்கே நிறுத்துவது என்று பிடிபடும். உங்கள் சுருதியைப் பெயர் சொல்லிக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். மேடையேறியதும் வாத்தியக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.