வருமானம் குறைந்த வீட்டில் பிள்ளையின் மூளை வளர்ச்சி: நகையை அடகு வைக்க முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறையில் இருக்கிறோம். கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். நான் வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறேன். மகனுக்கு மூன்று வயது. வறுமையில் வளரும் பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சி குறைவு என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து நிம்மதி இல்லை. வெள்ளவத்தையில் இருக்கும் அக்காவின் பிள்ளைகள் ஆங்கில முன்பள்ளிக்குப் போகிறார்கள். நகையை அடகு வைத்தாவது மகனையும் அங்கே சேர்க்கலாமா?

பதில்: அடகு வைக்க வேண்டாம். அந்தக் காசும் அதைவிட உங்கள் நேரமும் எங்கே போனால் மகனுக்குப் பயன் என்று பார்ப்போம்.

வீடியோவில் சொன்னது முழுப் பொய்யல்ல. 2015இல் அமெரிக்காவில் 3 முதல் 20 வயது வரையான 1,099 பேரின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். குடும்ப வருமானத்துக்கும் மூளையின் மேற்பட்டையின் பரப்புக்கும் தொடர்பு தெரிந்தது. மொழிக்கும் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனுக்கும் பொறுப்பான பகுதிகளில்தான் அது கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அது சராசரிக் கணக்கு. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பலரின் அளவு, வசதியான வீட்டுப் பிள்ளைகளின் அளவுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது. உங்கள் மகன் எப்படி வருவான் என்பதை அந்தப் படங்களிலிருந்து யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று: அந்தத் தொடர்பு எல்லா மட்டத்திலும் ஒரே மாதிரி இல்லை. வருமானம் மிகக் குறைந்த வீடுகளிடையே சிறு வித்தியாசத்துக்கே மூளையில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. வசதியான வீடுகளிடையே பெரிய வருமான வித்தியாசத்துக்கும் அவ்வளவு தெரியவில்லை.

அப்படியென்றால் காசு கிடைத்தாலே போதுமா? அதையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வருமானம் குறைந்த 1,000 தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு, பிள்ளை பிறந்ததிலிருந்து மாதம் 333 டொலரும் மற்றவர்களுக்கு 20 டொலரும் கொடுத்தார்கள். நாலு வயதில் பார்த்தபோது பிள்ளைகளின் மொழித் திறனிலும் சுயகட்டுப்பாட்டிலும் தெளிவான வித்தியாசம் இல்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் காசு தேவையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. காசு தானாக மூளைக்குப் போவதில்லை, சில வழிகளால்தான் போய்ச் சேருகிறது என்றே இதை வாசிக்க வேண்டும். சாப்பாடு, நித்திரை, வீட்டுக்குள் இருக்கும் நஞ்சு, பெரியவர்கள் பிள்ளையோடு கதைக்கும் விதம், தாயின் மனநிலை ஆகியவையே அந்த வழிகள்.

இதற்கு மறுபக்கமான சான்று ஜமெய்க்காவில் இருக்கிறது. 1986–87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் வளர்ச்சி குன்றிய, 9 முதல் 24 மாத வயதான 129 குழந்தைகளை எடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு வருடம் போனார். வேண்டாமென்று எறியும் பொருட்களில் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்துக் குழந்தையோடு எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இருபது வருடத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளின் வருமானம், அப்படி யாரும் போகாத வீட்டுப் பிள்ளைகளுடையதைவிட சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. கட்டணம் கூடிய பள்ளி எதுவும் அங்கே இருக்கவில்லை.

இப்போது உங்கள் வீடு. முதலில், பிள்ளையோடு கதைப்பது. ஏழை வீட்டுப் பிள்ளை நாலு வயதுக்குள் 3 கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்ற கூற்று 1995இல் வந்தது. 42 குடும்பங்களை மட்டும் வைத்துச் செய்த கணக்கு அது. பிறகு ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துப் பார்த்தபோது இடைவெளி மிகவும் சிறியதாகத் தெரிந்தது. சொல்லின் தொகையைவிட மாறி மாறிக் கதைப்பதுதான் முக்கியம். 2018இல் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், பெரியவரோடு மாறி மாறிக் கதைக்கும் பிள்ளையின் மூளையில், கதை கேட்கும்போது மொழிப் பகுதி கூடுதலாக இயங்கியது. பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் கழித்துப் பார்த்தாலும் அந்தத் தொடர்பு நின்றது.

மகன் ஏதாவது சொன்னால் அதை ஒரு சொல் நீட்டித் திருப்பிச் சொல்லி, ஒரு கேள்வி போடுங்கள். "நாய்" என்றால், "ஓம், கறுப்பு நாய். எங்க ஓடுது?" பிறகு மனதுக்குள் ஐந்து வரை எண்ணும் மட்டும் பேசாமல் இருங்கள். பெரும்பாலான வீடுகளில் பிழை நடப்பது இந்த இடத்தில்தான்: மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல் தேடி எடுக்க நேரம் வேண்டும், நாங்கள் பொறுமையிழந்து பதிலையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். தைத்துக்கொண்டிருக்கும்போதே துணியின் நிறம், எது நீளம், எது கட்டை, அடுத்து என்ன வெட்டப் போகிறீர்கள் என்று கதைக்கலாம். பார்க்க ஆளில்லாமல் ஓடும் டிவியை நிறுத்துங்கள். அந்தச் சத்தம் ஓடும்போது பெரியவர்கள் பிள்ளையோடு கதைப்பதே குறைகிறது.

எந்த மொழியில் என்றால், உங்களுக்குத் தாராளமாக வரும் மொழியில், அதாவது தமிழில். பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்ற ஆசையில் "கம்", "சிட்", "ஈட்" என்று மட்டும் கதைக்கும் வீடுகள் கொழும்பில் நிறைய. அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதெல்லாம் கட்டளை. கட்டளைக்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லை, சம்பாஷணை அங்கேயே முடிகிறது. காரணம் சொல்லி, கேள்வி கேட்டு, கதை சொல்லித் தமிழில் வளர்ந்த பிள்ளை, அந்த அறிவோடுதான் இரண்டாவது மொழிக்குப் போகிறது. பக்கத்து வீட்டில் சிங்களப் பிள்ளைகள் இருந்தால் தாராளமாக விளையாடட்டும், இரண்டு மொழி கேட்பதால் பேச்சு பிந்துவதில்லை.

புத்தகம் ஒன்றிரண்டு போதும். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது நல்லது. முதல் தடவை நீங்கள் வாசியுங்கள். மூன்றாம் தடவை, "இது யார்? ஏன் அழுறான்?" என்று கேட்டு அவனைச் சொல்ல விடுங்கள். பத்தாம் தடவை கதையை அவனே சொல்லுவான்.

கணக்குக்கு ஒரு விளையாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், இது காசில்லாமல் செய்யக்கூடிய, சோதித்துப் பார்த்த ஒன்று. பால்மாப் பெட்டி அட்டையை வெட்டி, இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் பத்துக் கட்டங்கள் கீறி 1 முதல் 10 வரை எழுதுங்கள். வேறு வேறு நிறத்தில் இரண்டு பெரிய பொத்தான்களைக் காயாக எடுங்கள். ஒரு நாணயத்தின் ஒரு பக்கத்தில் 1, மறுபக்கத்தில் 2 என்று எழுதிய துண்டுகளை ஒட்டுங்கள். சுண்டி விழுந்த இலக்கத்துக்குக் காயை நகர்த்த வேண்டும், முதலில் 10க்குப் போனவர் வெற்றி. காய் 5இல் இருக்கும்போது 2 விழுந்தால், மகன் "ஆறு, ஏழு" என்று கட்டத்தின் இலக்கத்தைச் சொல்லி நகர்த்த வேண்டும். "ஒன்று, இரண்டு" என்று சொன்னால் இந்த விளையாட்டின் பலன் பெரும்பாலும் போய்விடும், ஏனென்றால் எந்த எண்ணுக்குப் பிறகு எந்த எண், எது எவ்வளவு தூரம் என்பது மனதில் பதிவது அந்தச் சொல்லால்தான். கட்டங்களை வட்டமாகக் கீறினாலும் பலன் குறைகிறது. அமெரிக்காவில் வருமானம் குறைந்த வீட்டு முன்பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் 15 முதல் 20 நிமிடம் இதை விளையாடினார்கள். எண்ணறிவில் கிடைத்த முன்னேற்றம் ஒன்பது வாரத்துக்குப் பிறகும் நின்றது. அவர்கள் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள். உங்கள் மகனுக்கு ஐந்து கட்டத்தோடு தொடங்குங்கள். பொத்தானை வாயில் வைக்காமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், விளையாடி முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது இரும்புச்சத்து. சிறு வயதில் இரும்புச்சத்துக் குறைந்தால் கவனமும் கற்றலும் பாதிக்கப்படும், பிறகு கொடுத்தாலும் எல்லாம் திரும்புவதில்லை. எங்கள் வீடுகளில் இதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று தேத்தண்ணீர்: பிஸ்கட் தொட்டுச் சாப்பிடக் கொடுக்கும் பிளேன்டீ, சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாது. மூன்று வயதுக்கு அது வேண்டவே வேண்டாம். மற்றது அளவுக்கு மிஞ்சிய பால்மா. ஒரு நாளைக்கு 500 மில்லிலீட்டருக்கு மேல் போனால் வயிறு நிரம்பிச் சோறு இறங்காது, பாலில் இரும்பும் மிகக் குறைவு. பால்மாவில் மிச்சம் பிடிக்கும் காசுக்கு முட்டை, மீன், வாரத்தில் ஒரு நாள் சிறு துண்டு கோழி ஈரல் வாங்கலாம். பருப்புக்கும் கீரைக்கும் தேசிக்காய்ப் புளி விட்டுக் கொடுங்கள், அல்லது சாப்பாட்டோடு கொய்யாத் துண்டு கொடுங்கள், அப்போதுதான் அந்த இரும்பு உடம்பில் சேரும். பிள்ளை வெளிறி, சோர்ந்து இருந்தாலோ மண், சுண்ணாம்பு தின்றாலோ இரத்தப் பரிசோதனை வேண்டும். இந்த வயதில் ஹீமோகுளோபின் (ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில்) 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தச்சோகை. இரும்புப் பாணியை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மாநகர சபைக் கிளினிக்கை விட்டுவிட வேண்டாம். தடுப்பூசி முடிந்ததும் பலர் போவதை நிறுத்திவிடுகிறார்கள். நிறை, உயரம் பார்ப்பதும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விட்டமின் ஏயும் பூச்சி மருந்தும், நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா சத்துமாவும் அங்கே இலவசம். வளர்ச்சிப் புத்தகத்தில் கோடு கிடையாகப் போனாலோ இறங்கினாலோ மிட்வைஃபிடம் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனையின் பழைய கட்டடங்களில் ஈயத்தையும் கவனிக்க வேண்டும். உரியும் பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். ஈயம் எவ்வளவு குறைவாக உடம்பில் சேர்ந்தாலும் மூளைக்குப் பாதுகாப்பில்லை. யன்னல் ஓரத்தில் உதிரும் தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள், பிள்ளையின் கட்டிலை அங்கிருந்து தள்ளிப் போடுங்கள், சாப்பிட முன் கை கழுவுங்கள். கணவர் ஓட்டோவின் பழைய பற்றரியை அறைக்குள் வைக்கவே கூடாது.

நித்திரை பகலும் இரவுமாக 10 முதல் 13 மணித்தியாலம். போன் பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், படுக்க முன் வேண்டவே வேண்டாம். உங்கள் மனநிலையும் இந்தப் பட்டியலில் உள்ளதுதான். இரண்டு வாரமாக எதிலும் மனம் ஒட்டவில்லை, அழுகை வருகிறது என்றால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். தாய் ஆறுதலடைவது பிள்ளைக்குச் செய்யும் சிகிச்சையும்தான்.

முன்பள்ளி தேவைதான், ஆனால் நடந்து போகும் தூரத்தில், கடன் இல்லாமல் கட்டக்கூடியதாக இருக்கட்டும். சேர்க்க முன் அரை மணித்தியாலம் உள்ளே இருந்து பார்க்கக் கேளுங்கள். ஆசிரியை பிள்ளைகளின் உயரத்துக்குக் குனிந்து கதைக்கிறாரா, பிள்ளை சொல்வதற்குப் பதில் சொல்கிறாரா, விளையாட இடமும் நேரமும் இருக்கிறதா என்று கவனியுங்கள். மூன்று வயதில் கொப்பி நிறைய எழுத்தும் வீட்டுப்பாடமும் கொடுக்கும் இடம், கட்டணம் எவ்வளவானாலும், வேண்டாம்.

கடைசியாக, வறுமை என்று நினைத்து விட்டுவிடக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. மூன்று வயதில் மூன்று சொல் சேர்த்துக் கதைக்கவில்லை, அவன் சொல்வதில் பெரும்பகுதி வெளியாருக்கு விளங்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, முன்பு பேசிய சொற்களை இப்போது பேசவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லி, பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்குங்கள். அங்கே முதலில் காது கேட்கும் திறனைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் தேங்கிய பிள்ளைக்குப் பேச்சு பிந்துவதுண்டு, அதற்குச் சிகிச்சை இருக்கிறது.