‘பயிற்சி பெற்றேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஏதாவது நடந்தால் நான்தான் பொறுப்பா?

கேள்வி: ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. சேர்ந்த அன்று கணக்குப் பிரிவு, நூலகம், தோட்டப் பராமரிப்பு என்று புதியவர்கள் எல்லோரையும் ஒரே அரங்கில் உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் வீடியோ காட்டினார்கள். தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது, அப்போது லிஃப்டில் ஏறக்கூடாது, அடையாள அட்டை தொலைந்தால் யாரிடம் சொல்வது என்பவைதான் அதில் இருந்தன. கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘என் பணிக்குரிய பாதுகாப்புப் பயிற்சி முழுவதையும் பெற்றேன், விபத்து நேர்ந்தால் நானே பொறுப்பு’ என்று இருந்தது. எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். இப்போது திரவ நைட்ரஜன் நிரப்பிக் கொண்டுவருவதும் கரைப்பான் கழிவுகளைச் சேகரிப்பதும் என் வேலை. யாரும் எனக்குச் செய்துகாட்டவில்லை. பொறுப்பாளரிடம் கேட்டால், “அதான் ஓரியன்டேஷன்ல சொல்லியிருப்பாங்களே, போகப்போகப் பழகிடும்” என்கிறார். போன வாரம் மூடிவைத்த கழிவுப் பாட்டில் ஒன்று சூடாகி, மூடி இடுக்கில் புகை கிளம்பியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அடுத்த வாரம் முதல் புதிய ஆராய்ச்சி மாணவர்களுக்கு லேப் விதிகளை நான்தான் சொல்லித்தர வேண்டுமாம். தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அந்தக் கையெழுத்து என்னை மாட்டிவிடுமா? இந்த வேலைகளைச் செய்ய மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?

பதில்: கையெழுத்தைப் பற்றிப் பேசும் முன் அந்தப் பாட்டிலைப் பற்றிப் பேசிவிடுவோம். நைட்ரிக் அமிலக் கழிவு இருக்கும் பாட்டிலில் ஆல்கஹால், அசிட்டோன் போன்ற கரைப்பானை ஊற்றி இறுக மூடினால் உள்ளே வாயு உருவாகி அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஊற்றியவர் வீட்டுக்குப் போன பிறகுகூட பாட்டில் வெடிக்கலாம். உங்கள் பாட்டிலில் என்ன கலந்தது என்பதைத் துறைதான் ஆராய்ந்து சொல்ல வேண்டும். யாருக்கும் காயமில்லை என்பதற்காக நீங்கள் அதை எழுதித் தராமல் விட்டுவிடக்கூடாது. தேதி, நேரம், எந்தப் பாட்டில், லேபிளில் என்ன எழுதியிருந்தது, யாரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னீர்கள் என்று நான்கு வரி போதும். இன்றே எழுதிவிடுங்கள்.

இனி கையெழுத்து. நீங்கள் எந்த நாட்டில் வேலை செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதனால் சட்டப் பிரிவு எண்களை விட்டுவிட்டு, பெரும்பாலான நாடுகளின் சட்டங்களுக்குப் பொதுவான அடிப்படையைச் சொல்கிறேன். அந்தப் படிவம் ஒரு சாட்சியம், அவ்வளவுதான். அன்று நீங்கள் அந்த அரங்கில் இருந்தீர்கள், ஒரு தாளில் கையெழுத்திட்டீர்கள் என்பதற்கு அது சாட்சி. உங்களுக்குத் திரவ நைட்ரஜன் கையாளத் தெரியும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. விபத்து நடந்து விவகாரம் நீதிமன்றத்துக்கு வந்தால், நிர்வாகத்தின் சாட்சியைக் கூண்டில் ஏற்றி நான் கேட்கக்கூடியவை எளிய கேள்விகள்தான். பயிற்சியை நடத்தியது யார்? அவருக்கு இந்த வேலை தெரியுமா? எந்த இடத்தில் நடந்தது? நைட்ரஜன் கலனை அவர் தொட்டுக் காட்டினாரா? தோட்டப் பராமரிப்பாளரும் அதே தாளில் அதே வாசகத்துக்குக் கீழே கையெழுத்திட்டிருக்கிறாரே, அவருக்கும் கரைப்பான் கழிவு பற்றிச் சொல்லித்தந்தீர்களா? கடைசிக் கேள்விக்கு அவர் எந்தப் பதிலைச் சொன்னாலும் படிவம் பல்லிளித்துவிடும்.

‘விபத்து நேர்ந்தால் நானே பொறுப்பு’ என்ற வரிதான் உங்களை அதிகம் பயமுறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்கு வலு குறைவு. ஊழியரின் பாதுகாப்பைக் கவனிக்கும் கடமை முதலாளியைச் சொந்தமாகச் சேர்ந்தது, அதை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவ முடியாது என்று அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1937ஆம் ஆண்டிலேயே வில்சன்ஸ் அண்ட் கிளைட் கோல் நிறுவன வழக்கில் தீர்ப்பளித்தது. அது நிலக்கரிச் சுரங்க வழக்கு. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறோம். திறமையான சக ஊழியர்கள், தகுந்த கருவிகள், ஒழுங்கான வேலை முறையும் கண்காணிப்பும் என்று அந்தத் தீர்ப்பு கடமையைப் பிரித்துச் சொல்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் மூன்றாவதில் சறுக்கியிருக்கிறது. கவனக்குறைவால் ஏற்படும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ ஆன பொறுப்பை ஒப்பந்த வாசகம் போட்டுத் தட்டிக்கழிக்க முடியாது என்று பிரிட்டனின் 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வெளிப்படையாகவே சொல்கிறது.

“ஓரியன்டேஷன்ல சொல்லியிருப்பாங்களே” என்ற உங்கள் பொறுப்பாளரின் வாதத்துக்கு நேரடியான பதில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1989ஆம் ஆண்டுக் கட்டமைப்பு ஆணையின் 12ஆவது பிரிவில் இருக்கிறது. பயிற்சி அந்த ஊழியரின் பணியிடத்துக்கும் வேலைக்கும் உரியதாக இருக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போதும், வேலை மாறும்போதும், புதுக் கருவியோ புதுத் தொழில்நுட்பமோ வரும்போதும் தர வேண்டும். செலவை ஊழியர் தலையில் கட்டக்கூடாது, வேலை நேரத்திலேயே நடத்த வேண்டும். அந்த ஆணை ஐரோப்பாவுக்கு வெளியே செல்லாது என்றாலும், பணிக்குரிய பயிற்சி என்றால் என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டின் 155ஆவது உடன்படிக்கையும் ஊழியருக்குத் தகுந்த பயிற்சி தரப்பட வேண்டும் என்கிறது. 2022 ஜூனில் பாதுகாப்பான பணிச்சூழலை அந்த அமைப்பு அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதனால் உடன்படிக்கையை ஏற்காத உறுப்பு நாடுகளுக்கும் இதன் அடிப்படைக் கொள்கைகளை மதிக்கும் கடமை உண்டு.

பொது அறிமுகத்துக்கும் பணிக்குரிய பயிற்சிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு உங்கள் கடிதத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறாதே என்று வீடியோவில் சொன்னார்கள். எல்லோருக்கும் தேவையான பாடம்தான். ஆனால் திரவ நைட்ரஜன் கலனோடு நீங்களும் லிஃப்டில் ஏறக்கூடாது என்று யாராவது சொன்னார்களா? ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் அந்தச் சிறிய அறையில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். நைட்ரஜனுக்கு மணமோ நிறமோ கிடையாது, மூச்சுத் திணறும் உணர்வே இல்லாமல் ஆள் மயங்கி விழலாம். அதனால்தான் ஒழுங்காக நடக்கும் லேப்களில், யாரும் ஏறாதபடி அறிவிப்பு மாட்டி, கலனை மட்டும் லிஃப்டில் அனுப்பிவிட்டு மேலே ஒருவர் நின்று வாங்கிக்கொள்வார்கள். நூலகருக்கு இது தேவையில்லை. உங்களுக்கு இதுதான் முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும்.

கையுறையும் அப்படித்தான். ‘கையுறை அணியவும்’ என்பது சுவரொட்டி வாசகம். எந்த ரசாயனத்துக்கு எந்தக் கையுறை, எத்தனை நிமிடத்தில் கழற்ற வேண்டும் என்பது பயிற்சி. 1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் லேடக்ஸ் கையுறை அணிந்துதான் டைமெத்தில் மெர்குரியைக் கையாண்டார். கையுறை மேல் சிந்திய சில துளிகள் அதை ஊடுருவித் தோலுக்குள் போயின. மறு ஆண்டு ஜூனில் அவர் இறந்தார். துறையில் வல்லுநரான அவருக்கே அந்தக் கையுறை போதாது என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை.

பயிற்சிக்கு ஆதாரம் வைக்காத நிர்வாகத்துக்கு என்ன ஆகும் என்று கேட்கும் துறைத் தலைவர்களுக்கு நான் சொல்வது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் நடந்ததை. 2008 டிசம்பர் 29 அன்று, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை ஊசிக்குழலில் எடுக்கும்போது குழலின் தண்டு வெளியே வந்து, ரசாயனம் சிந்தித் தீப்பற்றிக்கொண்டது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை. தீக்காயங்களால் 2009 ஜனவரியில் இறந்தார். மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை சுட்டிய குறைகளில், பயிற்சி தந்ததற்கான பதிவு இல்லை என்பதும் ஒன்று. அபராதம் 31,875 டாலர்தான். ஆனால் 2011 இறுதியில் பல்கலைக்கழக நிர்வாகக் குழுமீதும் பேராசிரியர்மீதும் குற்றவியல் வழக்கு வந்தது. நிர்வாகத்தின் மீதான வழக்கு 2012இலும் பேராசிரியரின் வழக்கு 2014இலும் உடன்பாட்டில் முடிந்தன. உங்கள் பல்கலைக்கழகம் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் இப்படி ஒரு நிலை வந்தால் ஆதாரம் வேண்டும் என்றுதான். பயிற்சியே தராமல் ஆதாரத்தை மட்டும் தயார் செய்திருப்பதுதான் கோளாறு.

உங்கள் பக்கம் பொறுப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தனக்கும் பிறருக்கும் ஆபத்து வராதபடி நடந்துகொள்ளும் கடமை ஊழியருக்கும் உண்டு. ஆபத்து தெரிந்தும் சும்மா இருந்தீர்கள் என்று காட்டினால் இழப்பீட்டுத் தொகை குறையலாம். இந்தக் கேள்வியை எனக்கு எழுதியிருப்பதால் ஆபத்து உங்களுக்குத் தெரிந்துவிட்டது. உங்களை மாட்டிவிடக்கூடியது கையெழுத்து அல்ல, இனிமேலும் வாய்மூடி இருப்பதுதான்.

எனவே பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், ஹெச்.ஆருக்கும் பாதுகாப்பு அதிகாரிக்கும் நகலோடு. வாசகம் இப்படி இருக்கட்டும்: “வணக்கம் ஐயா. பணியில் சேர்ந்த அன்று பாதுகாப்புப் பயிற்சிப் படிவத்தில் கையெழுத்திட்டேன். அன்று நடந்தது எல்லா ஊழியர்களுக்குமான பொது அறிமுகம். திரவ நைட்ரஜன், கரைப்பான் கழிவு ஆகிய இரண்டிலும் எனக்குச் செய்முறைப் பயிற்சி இன்னும் கிடைக்கவில்லை. யாரிடம், எந்த நாளில் கற்றுக்கொள்ளலாம் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். அதுவரை, பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருக்கும்போது மட்டும் இந்த வேலைகளைச் செய்கிறேன். கழிவுப் பாட்டில் சூடான சம்பவம் பற்றிய குறிப்பை இணைத்துள்ளேன்.” சட்டம், உரிமை, வழக்கறிஞர், புகார் என்ற சொற்கள் இதில் எங்கும் வராததைக் கவனியுங்கள். தகுதிகாண் காலத்தில் இருப்பவர் வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்ற வேண்டும். தேவைப்படும் நாளில் இதே மின்னஞ்சல் படிவத்தின் வாசகத்தை மறுக்கும் ஆவணமாகிவிடும். பழைய படிவத்தைத் திருப்பி வாங்கவோ அதில் திருத்தவோ முயலாதீர்கள்.

செய்ய மாட்டேன் என்று சொல்லும் உரிமை உண்டு, ஆனால் அளவோடு. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து ஊழியர் விலகினால் அவரைத் தண்டிக்கக்கூடாது என்று நான் சொன்ன 155ஆவது உடன்படிக்கையின் 13ஆவது பிரிவு சொல்கிறது. பயிற்சியில்லாமல் தனியாக லிஃப்டில் நைட்ரஜன் கலனோடு போகச் சொன்னால் மறுக்கலாம். உடனே மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும், லேபை விட்டு வெளிநடப்பு செய்யாமல் வேறு வேலை கேட்க வேண்டும். ‘பயிற்சி தரும்வரை எந்த வேலையும் செய்ய மாட்டேன்’ என்று உட்கார்ந்துவிட்டால் அது வேறு வழக்காகிவிடும், அதில் உங்கள் பக்கம் பலவீனமாக இருக்கும். மின்னஞ்சல் போன சில நாட்களுக்குள் ‘வேலை திருப்தியில்லை’ என்று நீக்கினால், அந்தத் தேதி நெருக்கமே பழிவாங்கலைக் காட்டும் முக்கிய ஆதாரமாகும். அப்போது ஒரு நாளும் தாமதிக்காமல் உள்ளூர்த் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள். இத்தகைய முறையீடுகளுக்குக் காலக்கெடு சில நாடுகளில் வாரக்கணக்கில்தான் இருக்கிறது.

மாணவர்களுக்குச் சொல்லித்தரும் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்களுக்கே தெரியாததை நீங்கள் சொல்லித்தர, அவர்கள் அதை நம்பிச் செய்து காயப்பட்டால், பல்கலைக்கழகத்தோடு உங்கள் பெயரும் விசாரணைக்கு வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. சம்பளம் வாங்காத மாணவர் பல நாடுகளில் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வரமாட்டார். 2011இல் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில் மாணவி ஒருவர் கடைசல் இயந்திரத்தில் தலைமுடி சிக்கி இறந்தபோது, அவர் ஊழியர் அல்ல என்பதால் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு தனக்கு அதிகாரமில்லை என்றது. சட்டத்தின் அதிகாரம் எட்டாத அந்த இடத்தில் மாணவருக்கு இருக்கும் காவல், பக்கத்தில் நின்று சொல்லித்தருபவர்தான். ஆகவே மின்னஞ்சலில் ஒரு வரி சேருங்கள்: “என் பயிற்சி முடிந்த பிறகு மாணவர்களுக்குச் சொல்லித்தரத் தயாராக இருக்கிறேன்.”

பயிற்சி நடந்ததும் மறுபடியும் ஒரு தாளை நீட்டுவார்கள். இந்த முறை வாசகத்தைப் படித்து, சொல்லித்தந்தவர் பெயர், தேதி, என்னென்ன செய்துகாட்டினார் என்பதை உங்கள் கையாலேயே எழுதிவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். செய்துகாட்டாத வரி ஏதாவது அதில் இருந்தால் அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். கையில் ஒரு நகல் வாங்காமல் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.